பதினைந்து கிராம்

சிவகாசியில் நிறம் என்பது தொழில். பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி லேபிள், காலண்டர் எதுவும் நிறமில்லாமல் விற்காது. பெட்டிக்கடை மிட்டாயும் அப்படித்தான். பள்ளி விட்டதும் சிவப்பு மிட்டாயைச் சப்பிவிட்டு, யார் நாக்கு அதிகம் சிவந்திருக்கிறது என்று போட்டி போடுவோம். "என்னத்தடா தின்ன?" என்று திட்டும் அம்மாதான் தீபாவளிக்குக் கேசரியில் கலர் பவுடர் போடுவாள். எவ்வளவு போடணும் என்று கேட்டால், "குத்துமதிப்பாத்தான்" என்பாள்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அக்கா மகளின் நாக்கும் சிவந்திருந்தது. நாலு வயசு, 15 கிலோ எடை. மென்பொருள்காரன் புத்தி சும்மா இருக்குமா? லேப்டாப்பைத் திறந்து கணக்குப் போட உட்கார்ந்தேன்.

இந்தியர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளக்கும் கதை நம்ம குன்னூரில் தொடங்குகிறது. 1918இல் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஆய்வகம் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. தட்டில் எது குறைகிறது என்பதுதான் அதன் முதல் கேள்வி. எது கூடுகிறது என்ற கேள்வி பின்னால் வந்தது.

1956இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து உணவுச் சேர்பொருட்களுக்கு ஒரு நிபுணர் குழு அமைத்தன. விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத அதிகபட்ச அளவைக் கண்டறிந்து, பொதுவாக அதை நூறால் வகுப்பார்கள். வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பாதகமில்லாத அளவு, உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும்.

இது பாதிக் கணக்குதான். மக்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள்? மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுக்கலாம். சுலபம்தான், ஆனால் மிட்டாயே தொடாத தாத்தாவின் பங்கு பேத்தியின் பங்கைக் குறைத்துக் காட்டிவிடும். இன்னொரு வழி, வீடு வீடாகப் போய் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, கிண்ணங்களைக் காட்டி அளவு வாங்குவது. பிறகு கடைப் பண்டங்களில் உள்ள நிறத்தைச் சோதனைக்கூடத்தில் அளந்து இரண்டையும் பெருக்குவது. இதிலும் சிக்கல் உண்டு. "இட்லி, சோறு, ரசம்" என்பார்கள். மிட்டாயை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

ஹைதராபாத் ஆய்வாளர்கள் இந்தச் சிரமமான வழியில்தான் போனார்கள். 2004இல் வெளியான அவர்களுடைய கட்டுரைப்படி, டார்ட்ரசைன், சன்செட் யெல்லோ, எரித்ரோசின் ஆகிய நிறங்களைச் சிலர் வரம்பு தாண்டி உட்கொண்டிருந்தார்கள். எல்லா நிறத்துக்கும் ஒரே உச்சவரம்பு வைத்திருப்பதையும் அவர்கள் கேள்வி கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதா என்று என் கணக்கில் போட்டுப் பார்த்தேன். இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு. பொது உச்சவரம்பு, கிலோ உணவுக்கு 100 மில்லிகிராம். மஞ்சள் தரும் டார்ட்ரசைனுக்கு நிபுணர் குழு 2016இல் வைத்த வரம்பு, உடல் எடை கிலோவுக்கு 10 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். அதை எட்ட ஒன்றரைக் கிலோ பண்டம் தின்ன வேண்டும். நடக்காத காரியம். சிவப்பு தரும் எரித்ரோசினுக்கு வரம்பு வெறும் 0.1 மில்லிகிராம். அதே குழந்தைக்கு 1.5 மில்லிகிராம். அதை எட்ட எவ்வளவு பண்டம் போதும்? 15 கிராம். சின்ன மிட்டாய்கள் நாலைந்து இருக்கும். சட்டத்தை ஒரு எழுத்துகூட மீறாமலே!

ஒருநாள் தாண்டினால் விஷமாகிவிடாது. அது தினசரிக்கான வரம்பு. ஆனால் பெட்டிக்கடைக்குத் தினமும் போகிற குழந்தைகள் உண்டு. நானும் போனவன்தான்.

2024 பிப்ரவரியில், ரோடமைன் பி சாயம் இருந்ததால் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. அங்கே கணக்கே வேண்டாம், உணவில் அனுமதி இல்லாத சாயம். அனுமதித்தவற்றுக்குத்தான் கணக்கு தேவை, அதுவும் சராசரிக்கு இல்லாமல், அதிகம் தின்னும் சின்ன உடம்புக்கு.

அக்கா மகள் தின்ற சிவப்பு எது என்று பார்க்கக் கடைக்குப் போனேன். கண்ணாடி ஜாடியில் உதிரியாக இருந்தது, லேபிள் இல்லை. பட்டியலில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

"நீ தின்னப்ப யாரு கணக்குப் பாத்தா?" என்றாள் அம்மா.

யாரும் பார்க்கவில்லை, அம்மா.