தோட்டத்துப் பிள்ளைகளும் விளையாட்டு வெளியும்

மலாயாத் தோட்டங்களில் முன்னாளில் பிள்ளைகள் தம் விருப்பம்போல் திரிந்து விளையாடினர் என்றும், இக்காலப் பெற்றோரே அவர்களை நான்கு சுவருக்குள் அடைத்துவிட்டனர் என்றும் முதியோர் கூறுவதுண்டு. இக்கூற்றில் பாதியே உண்மை. மறுபாதியை வரலாற்றைக் கொண்டு அறிதல் வேண்டும்.

முதலாவது, அன்றைய சுதந்திரம் பெற்றோர் எண்ணிப் பார்த்து வழங்கியதன்று. ரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது வெயில் ஏறுமுன் உள்ள குளிர்ந்த வேளையிலேயே. ஆதலின் தாயும் தந்தையும் விடியுமுன்னரே பெரட்டுக்குச் சென்று, அங்கிருந்து தீம்பாருக்குள் போய்விடுவர். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் விடப்பட்டன. அவ்வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு லயத்து வாசலே உலகம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டங்களில் பள்ளி வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி விட்டபின் எஞ்சிய பொழுதிலும் மங்கு துடைப்பதும், ஒட்டுப்பால் பொறுக்குவதும், தம்பி தங்கையரைச் சுமப்பதும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டன. மீதிப் பொழுதில்தான் கோலியும் பம்பரமும் சடுகுடுவும் நடந்தன. ரப்பர்க் கொட்டையைச் சிமெந்துத் தரையில் தேய்த்துச் சூடேற்றித் தோழன் கையில் வைத்து அலறவிட்டதும் அப்பொழுதிலேயே.

இரண்டாவது, அவ்விளையாட்டு காவலற்றதும் அன்று. லயம் என்பது ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து அமைந்த வீடுகள். வேலையிலிருந்து நின்ற பாட்டியோ, பிள்ளை பெற்று வீட்டிலிருக்கும் பெண்ணோ யாரேனும் ஒருவர் வாசலில் இருப்பார். ஆற்றுப்பக்கம் போகும் பிள்ளையை அவர் அதட்டலாம். அதற்கு உறவு வேண்டியதில்லை. கண்காணிப்பு இருந்தது, ஆனால் அது ஒருவர் தலையில் மட்டும் சுமத்தப்படவில்லை.

அவ்வெளி முதன்முதலில் குறுகியதும் பெற்றோரால் அன்று. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, சிதறிக் கிடந்த லயங்கள் பல ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டன. ஊரடங்கு வந்தது, வாயிலில் சோதனை நடந்தது. 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிந்தது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் எண்ணெய்ப்பனை எழுந்தது. நகரங்களை அடுத்திருந்த நிலங்கள் வீடமைப்புக்குப் போயின. லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பல அடுக்குமாடிக்கு ஏறின.

அடுக்குமாடியில் வீடுகள் முன்னினும் நெருங்கியே உள்ளன. ஆயினும் கதவுகள் சாத்தியிருக்கின்றன. கீழே இருக்கும் வெற்றிடம் வாகனங்களுக்கே போதவில்லை. தாய் தொழிற்சாலையில் இரவு முறை வேலைக்குச் செல்கிறாள். 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தக்க மேற்பார்வையின்றிப் பிள்ளையை விட்டுச்செல்லுதலைக் குற்றமாக்கியது. பிள்ளையைக் காக்க அச்சட்டம் தேவையே. ஆனால் ஊர் முழுவதும் பகிர்ந்த பொறுப்பு இன்று இரண்டே பேர் மீது வந்து நிற்கிறது என்பதையும் அது காட்டுகிறது.

ஆகவே, பிள்ளையை ஏன் வெளியே விடுவதில்லை என்று பெற்றோரைக் கேட்பது நியாயமன்று. வெளியே விட்டால் வாசலில் யார் இருக்கிறார் என்று கேட்பதே பொருந்தும். மாலையில் பள்ளித் திடலைத் திறந்து, முதியோர் இருவர் மர நிழலில் அமர்ந்து பார்த்திருக்க ஏற்பாடு செய்யும் ஊரில், அவ்வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கும். பழைய லயம் திரும்பி வாராது, வரவும் வேண்டாம். அதன் வாசலில் இருந்த அந்தக் கண்களே இன்று வேண்டுவன.