பொட்டணிச் சேலையும் அபாயாக் கடையும்

மன்னாரிலிருந்து தலைமன்னார் செல்லும் வீதியில் தாராபுரத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கொரு எண்ணம் எழுவதுண்டு. ஓர் ஊரின் பெண்கள் தெருவுக்கு உடுத்திவரும் உடையும் அவ்வூரின் வரலாற்று ஆவணமே. அதை வாசிக்கத்தான் நாம் பழகவில்லை.

இன்று மன்னார்த்தீவின் முஸ்லிம் பெண்கள் பலர் வெளியே செல்லும்போது அணிவது அபாயா. அவர்களின் தாய்மாரோ சேலை உடுத்து, முந்தானையையே முக்காடாக இட்டவர்கள். அந்நாளில் இலங்கைக் கிராமங்களில் பெண்கள் புடைவைக் கடைக்குப் போவது குறைவு. கடைதான் அவர்களிடம் வந்தது. பொட்டணி வியாபாரி திண்ணையில் மூட்டையை அவிழ்ப்பார், விலை பேசுவார், தவணைக்கும் கொடுப்பார்.

அந்தச் சேலைகளிற் பல கடல் கடந்து வந்தவை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பற் சேவையில் பயணிகளோடு துணியும் வந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டால் துணி அரிதாயிற்று. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் கடைகள் மீண்டும் நிறைந்தன. அதே காலத்தில் மத்திய கிழக்குக்கு வேலைக்குச் செல்லும் பெண்களின் பயணமும் தொடங்கிற்று. திரும்பி வந்தோரின் பெட்டிகளில் அபாயாவும் வந்தது.

ஆயினும் பெரிய திருப்பம் 1990 ஒக்டோபரிலேயே நிகழ்ந்தது. விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் மக்கள் கடற்கரையில் காத்திருந்து, வள்ளங்களில் கற்பிட்டிக்குச் சென்றனர். கைப்பைகளில் அடங்கியதே அவர்களின் உடைமை. வீட்டின் அலுமாரிகளில் மடித்து வைத்த கூறைச் சேலைகள் என்னவாயின என்று எந்த அறிக்கையும் கணக்கெடுக்கவில்லை.

புத்தளத்தில் கிடுகு வேய்ந்த முகாம் வாழ்க்கை. கிணற்றடியிலும் நிவாரண வரிசையிலும் அந்நியர் நடுவே நிற்க வேண்டிய நிலை. சேலைக்கு ரவிக்கை வேண்டும், உட்பாவாடை வேண்டும். அபாயாவோ வீட்டுடையின் மேல் அணியும் ஒற்றை ஆடை. மார்க்க எழுச்சி இயக்கங்களின் செல்வாக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் வறுமையும் இடநெருக்கடியும் அதே அளவு வேலை செய்தன என்பது என் கணிப்பு.

தேவை பெருகியதும் சந்தை உருவாயிற்று. தையல் தெரிந்த பெண்கள் வீட்டிலேயே தைத்து விற்றனர். பின்னர் தனிக் கடைகள் வந்தன. சேலைக் கடையில் கரையையும் முந்தானையையும் பார்த்தவர்கள், இங்கே வெட்டையும் கைவேலையையும் பதித்த கல்லையும் பார்க்கிறார்கள். கறுப்பிலும் நாகரிகம் ஆண்டுதோறும் மாறுகிறது. 2009இல் போர் முடிந்து ஊர் திரும்பிய குடும்பங்களோடு இந்த வணிகமும் மன்னாருக்கு வந்தது.

2018இல் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகளின் அபாயா சர்ச்சையாயிற்று. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப்பின் அவசரகால விதிகளின் கீழ் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. முகம் மூடாத அபாயாவை அந்தத் தடை தொடவில்லை. ஆயினும் அதை அணிந்தவர்கள் பல இடங்களில் தடுக்கப்பட்டனர். அப்போது அடிக்கடி கேட்ட வாசகம், ‘இது நம் நாட்டு உடையல்ல’ என்பது.

கப்பலில் வந்த சேலையை நம் நாட்டுடையாக ஏற்றுக்கொண்டோம். விமானத்தில் வந்த அபாயாவிடம் மட்டும் கடவுச்சீட்டுக் கேட்கிறோம். சேலையை விட்டு அபாயாவுக்கு வந்த அந்தப் பெண்களிடம், இடையில் என்ன நடந்தது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.