சிந்து நதிப் புழு

பள்ளிப் படிப்பு பிரெஞ்சு வழியில் என்பதால், பழைய கிரேக்க நூல்களை நான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில்தான் படிப்பது வழக்கம். அப்படிப் படித்ததில் மறக்க முடியாதது நம் பக்கத்துப் புழு ஒன்றின் கதை.

எழுதியவர் க்தேசியாஸ் என்ற கிரேக்க வைத்தியர். பாரசீக மன்னர் இரண்டாம் அர்தசெர்க்சஸின் அரண்மனையில் இருந்தவர். கி.மு. 401இல் குனாக்சா போரில் காயம்பட்ட மன்னருக்கு வைத்தியம் பார்த்தவர். இந்தியாவுக்கு வராமலே ‘இந்திகா’ என்று இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

அதில் வரும் புழு பகலில் சிந்து நதிச் சேற்றில் கிடக்கும். நீளம் 7 முழம். பத்து வயதுப் பையன் கட்டிப் பிடித்தாலும் கைக்கு அடங்காத பருமன். மேலே ஒரு பல், கீழே ஒரு பல். இரவில் மாட்டையோ ஒட்டகத்தையோ கவ்வி ஆற்றுக்குள் இழுத்துப்போய்த் தின்னுமாம். இரும்புச் சங்கிலியில் கோத்த தூண்டிலில் ஆட்டுக்குட்டியை மாட்டித்தான் பிடிக்க வேண்டும். பிடித்ததை 30 நாள் தொங்கவிட்டால் நம் கணக்கில் சுமார் 2.7 லிட்டர் எண்ணெய் வடியும். பட்ட இடமெல்லாம் தீப்பிடிக்கும் அந்த எண்ணெயைக் கொண்டே கோட்டைகளைப் பிடிப்பார்களாம். மன்னரைத் தவிர வேறு யாரும் அதில் ஒரு சொட்டுகூட வைத்திருக்கக் கூடாது.

முதலையைப் பற்றிய பேச்சும், பூமியிலிருந்து ஊறும் எண்ணெயைப் பற்றிய பேச்சும் கலந்து இந்தப் புழு பிறந்திருக்கலாம் என்பார்கள். கி.மு. 326இல் சிந்துவுக்கு வந்த அலெக்சாண்டர் அங்கே கண்டது முதலைகளைத்தான்.

ஆயுள் முழுக்க ஃபைல் பார்த்த எனக்கு வேறொன்று படுகிறது. ‘பெரிய புழு’ என்று எழுதியிருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். 7 முழம், 30 நாள் என்று எண் போட்டதும் அளந்து எழுதியதுபோல் ஆகிவிட்டது. எண்ணெயோ அரண்மனைச் சரக்கு. சரிபார்க்க யாருக்கும் வழியில்லை. போதாததற்கு, கண்ணால் கண்டதையும் கண்டவர் சொன்னதையும் மட்டுமே எழுதியதாக அவரே சான்றும் கொடுத்துக்கொண்டார்.

க்தேசியாஸ் நம்பத் தகுந்தவர் அல்லர் என்று அரிஸ்டாட்டில் எழுதியும் புழு சாகவில்லை. மூல நூல் அழிந்துபோனது. ஏலியன் என்பவர் எடுத்தெழுதியதிலும், 9ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளின் ஃபோட்டியஸ் எழுதிய சுருக்கத்திலும் புழு மிஞ்சியது. நகலெடுத்தவர்கள் எண்களை விடாமல் காப்பாற்றினார்கள். இந்தியா விந்தைகளின் நாடு என்ற எண்ணமும் அவற்றோடு ஐரோப்பாவில் வேரூன்றியது.

சிந்துக் கரையில் மாடு மேய்த்த ஒருவரின் சாட்சிகூட அந்தக் கதையில் இல்லை. அவரைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும் விஷயம் இது.