15 பாகை 21 ஆன கதை

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டு 82 நொடிகள் ஆனபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த காப்பு ஃபோம் துண்டொன்று அதன் இடப்புற இறக்கையில் மோதியது. மறுநாளே படச்சுருளில் பொறியாளர்கள் இதைக் கண்டுவிட்டனர். ஓடம் திரும்ப இன்னும் இரு வாரங்கள் இருந்தன. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் அதில் இருந்தனர். பிப்ரவரி 1 அன்று அவர்கள் மாண்டனர். இடைப்பட்ட நாள்களில் போடப்பட்ட கணக்குகளின் வரலாறு, மோதலைக் கணினியில் உருவகப்படுத்துவோர் இன்றும் படிக்கத்தக்கது.

மதிப்பீட்டுக் குழுவின் கையிலிருந்தது ‘கிரேட்டர்’ என்னும் சமன்பாடு. அப்போலோ காலத்தில் வேர்கொண்ட இது, சோதனைத் தரவுகளுக்குப் பொருந்துமாறு அமைக்கப்பட்டது. துண்டின் அளவு, அடர்த்தி, வேகம் ஆகியவற்றை இட்டால், வெப்பக் காப்பு ஓட்டில் விழும் குழியின் ஆழத்தைக் கூறும். அத்தரவுகளின் துண்டுகள் 3 கன அங்குலம் அளவினவே. இங்கோ 1920 கன அங்குலம், 640 மடங்கு. குழுவின் விளக்கப் பக்கத்திலேயே இவ்வேறுபாடு பதிவாகியுள்ளது, ஆனால் அடிவரியில்.

வரம்பு மீறிப் பயன்படுத்தப்பட்ட நிலையிலும் கிரேட்டர் ஆபத்தையே கூறியது: ஓட்டின் தடிமனைவிட ஆழமான குழி. ஓட்டின் அடிப்பகுதி அடர்த்தி மிக்கது, சமன்பாடு அதைக் கருத்தில் கொள்வதில்லை, பழைய சோதனைகளிலும் அது மிகையாகவே கணித்தது என்று காரணம் காட்டி அவ்விடை தள்ளப்பட்டது. காரணம் பொய்யன்று, சிறு துண்டுகளுக்கு அது உண்மைதான். இறக்கை முன்விளிம்பின் கார்பன் பலகைகளுக்கு வேறொரு கணிப்புமுறை இருந்தது. பனிக்கட்டித் துண்டுகளைக் கொண்டு அளவமைக்கப்பட்ட அது, 15 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் மோதினால் பலகை துளைபடும் என்றது. ஃபோம் பனிக்கட்டியைவிட இலேசானது என்பதால், பொறியியல் அனுபவத்தின் பேரில், அந்த எல்லை 21 பாகைக்கு உயர்த்தப்பட்டது.

இரு திருத்தங்களும் ஒரே திசையில் சென்றன. கணக்கு அச்சுறுத்தியபோது அதன் குறைகள் தேடப்பட்டன. ஆறுதல் தரும் விடையை எவரும் அவ்வாறு குடையவில்லை. இதில் ஒரு சொல்லுக்கும் பங்குண்டு. விளக்கப் பக்கத்தின் தலைப்பிலேயே ‘கன்சர்வேட்டிசம்’ என்ற சொல் நின்றது. கணிப்பு பாதுகாப்பின் பக்கம் சாய்ந்துள்ளது என்பது அதன் பொருள். எந்த வரம்புக்குள் சாய்ந்துள்ளது என்ற வினாவை அச்சொல் விழுங்கிவிட்டது.

விசாரணைக் குழு பின்னர் வெளியிட்ட எண்களைக் கொண்டு, ஒரு தாளில் அடங்கும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தொட்டியிலிருந்து பிரிந்த ஃபோமின் வேகம் காற்றுத் தடையால் 0.161 நொடியில் மணிக்கு 1,568 மைலிலிருந்து 1,022 மைலாகக் குறைந்தது. ஓடமே பின்னாலிருந்து வந்து ஃபோமை மோதியது என்பதே சரி. வேக வேறுபாடு நொடிக்கு 244 மீட்டர். பறப்பின்போது குழு மதிப்பிட்ட வேகமும் இதற்கு வெகு தொலைவிலில்லை. நிறை 0.76 கிலோ. இயக்க ஆற்றல் ஏறத்தாழ 22,600 ஜூல். 1000 கிலோ கார் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டிருக்கும் ஆற்றல் அது. துண்டின் நீளம் 0.6 மீட்டர் எனக் கொண்டால், அது முழுதும் நசுங்கி முடிய 2.5 மில்லிநொடி ஆகும். 20 பாகைச் சாய்வில், பலகைக்குச் செங்குத்தான உந்தம் 63 நியூட்டன்-நொடி. சராசரி விசை 25,000 நியூட்டன், அதாவது இரண்டரை டன் எடை. அதைத் தாங்க வேண்டிய பலகையின் தடிமன் கால் முதல் அரை அங்குலம். பலகை உடையுமா என்பதை இக்கணக்கு சொல்லாது. ஆனால் ‘இலேசான பொருள்’ என்று கூறி வினாவை மூடவும் இது விடாது.

2003 ஜூலை 7 அன்று சான் அன்டோனியோவில் அதே நிறையுள்ள ஃபோம், எட்டாம் எண் பலகையின் மீது சுடப்பட்டது. ஏறத்தாழ 16 அங்குல அகலத்திற்குப் பலகை பிளந்தது.

அடுத்து வந்த பணி எல்எஸ்-டைனா மென்பொருளுடையது. அதன் மூலமான டைனா3டி, லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்குவிஸ்ட் 1976இல் எழுதியது. பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்து, மைக்ரோநொடிக்கு மைக்ரோநொடி நகர்த்திக் கணிக்கும் ஃபைனைட் எலிமென்ட் நிரல். நாசாவின் கிளென், லாங்லி மையங்கள் நேரே முழு இறக்கைக்குப் போகவில்லை. முதலில் ஃபோமை மட்டும் சோதித்தனர். பின்பு 6 அங்குலச் சதுரத் தட்டைப் பலகைகளை. கடைசியில் முழுப் பலகையை. ஒவ்வொரு படியிலும் கணினியின் விடை சோதனையோடு ஒப்பிடப்பட்டது. மோதல் கணிப்புகளுக்கே உரிய எளிய தணிக்கை ஒன்றும் உண்டு. தொடக்க ஆற்றலும் முடிவில் பல வடிவங்களில் பிரிந்துள்ள ஆற்றலும் சமனாக வேண்டும். கூறுகள் மணற்கடிகை வடிவில் பொய்யாக நெளிவதால் கரையும் ஆற்றல், உள்ளாற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அழகிய வண்ணப் படம் எவ்வளவு நம்பத்தக்கதாய்த் தோன்றினும் அதை ஒதுக்கிவிடுவதே வழக்கம்.

2005 ஜூலை 26 அன்று டிஸ்கவரி புறப்பட்டது. தொட்டியிலிருந்து மீண்டும் ஒரு பெரிய ஃபோம் துண்டு பெயர்ந்ததைக் கேமராக்கள் காட்டின. அது ஓடத்தின் மீது படவில்லை. அடுத்த பயணம் 2006 ஜூலை வரை நிறுத்திவைக்கப்பட்டது.