இறையாண்மையும் சுயசித்தமும்: அகுஸ்தீன் முதல் 'அருளுதவி' விவாதம் வரை

உலகில் நிகழும் அனைத்தும் கடவுளின் ஆளுகைக்கு உட்பட்டவை என்பதும், மனிதன் தான் செய்யும் நன்மை தீமைகளுக்குத் தானே பொறுப்பாளி என்பதும் கிறிஸ்தவ மறை தொடக்கம் முதலே ஒருசேரக் கற்பித்துவந்த இரு கொள்கைகளாகும். விவிலியத்தில் இரண்டுக்கும் சான்று உண்டு; பார்வோனின் இதயத்தைக் கடவுள் கடினப்படுத்தினார் என்று கூறும் யாத்திராகமமே, பார்வோன் தன் இதயத்தைத் தானே கடினப்படுத்திக்கொண்டான் என்றும் கூறுகிறது. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என்ற வினா ஐந்தாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரை மேற்குத் திருச்சபையில் மீண்டும் மீண்டும் வழக்காக எழுந்து, மன்றங்களின் தீர்ப்புக்கு வந்தது. அத்தீர்ப்புகள் மிகைக் கூற்றுகளை விலக்கி எல்லை வகுத்தனவேயன்றிப் பொருத்தத்தை விளக்க முற்படவில்லை என்பதும், ஒரு மன்றம் பேசாமல் விட்ட இடத்திலேயே அடுத்த வழக்கு முளைத்தது என்பதும் இவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

வழக்கின் மூலவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430). இளமையில் தாம் சார்ந்திருந்த மானி சமயத்தார், தீமை என்பது இருளின் ஆற்றலிலிருந்து வருவது என்று கற்பித்ததை மறுக்கும் பொருட்டு, 388ஆம் ஆண்டளவில் அவர் எழுதத் தொடங்கிய சுயசித்தம் பற்றிய நூலில், தீமையின் தோற்றுவாய் மனித விருப்பமே என்று நிறுவினார். அக்காலத்தில் அவர் கொண்டிருந்த கருத்து எளியது: கடவுள் அழைக்கிறார், மனிதன் நம்புகிறான், நம்பியவனுக்கு அருள் வழங்கப்படுகிறது. அருள் என்பது தகுதி பாராது கடவுள் தரும் உதவி. சீர்திருத்தச் சபையினர் அதனைக் கிருபை என்பர். ஆனால் மிலான் நகரின் சிம்பிளிசியான் கேட்ட ஐயங்களுக்கு 396ஆம் ஆண்டையொட்டி விடை எழுதியபோது, ரோமர் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரம் அவரைத் தடுத்து நிறுத்தியது. யாக்கோபும் ஏசாவும் பிறக்கும் முன்னரே, நன்மையோ தீமையோ செய்யும் முன்னரே, ஒருவன் தெரிந்துகொள்ளப்பட்டான் என்றால், அத்தெரிவு அவர்கள் பின்னர்க் கொள்ளவிருந்த நம்பிக்கையைப் பொறுத்ததாகவும் இருக்க முடியாது என்றும், ஆகவே நம்பிக்கையே அருளின் கொடை என்றும் அவர் முடிவு செய்தார். சுயசித்தத்துக்காகத் தாம் போராடியதாகவும் இறுதியில் அருளே வென்றதாகவும் தம் நூல்களை மறு ஆய்வு செய்த முதுமையில் அவரே குறித்துள்ளார். இம்மாற்றம் பெலாஜியுஸுடனான பூசல் தொடங்குவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்தது. ஆதலால் எதிராளியை வெல்லும் ஆவேசமே அகுஸ்தீனைக் கடுங்கொள்கைக்குத் தள்ளியது என்று பலரும் கூறிவருவது காலவரிசையோடு ஒவ்வாது.

பிரித்தானியாவில் பிறந்து உரோமையில் துறவொழுக்கம் போதித்துவந்த பெலாஜியுஸின் கவலை அறவியல் சார்ந்தது. செய்ய இயலாததைக் கடவுள் கட்டளையிடார் என்பதும், இயலாமையைச் சாக்காகக் கொள்வது ஒழுக்கத்தைக் குலைக்கும் என்பதும் அவர் நிலைப்பாடு. கட்டளையையும் அதை நிறைவேற்றும் ஆற்றலையும் ஒருங்கே கடவுளிடம் வேண்டும் மன்றாட்டொன்று அகுஸ்தீனின் வாழ்க்கை அறிக்கையில் உண்டு; அதைக் கேட்டு பெலாஜியுஸ் சினமுற்றார். 410இல் அலாரிக்கின் படையெடுப்பு உரோமையைக் குலைத்தபோது அவர் ஆப்பிரிக்கா வழியாகப் பாலஸ்தீனம் சென்றார். அவருடைய மாணவர் செலஸ்தியுஸ் 411இல் கார்த்தேஜில் கண்டிக்கப்பட்டார். பெலாஜியுஸோ 415இல் லித்தா மன்றத்தில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். திருத்தந்தை சோசிமுஸ் முதலில் அவர்களுக்கு இரங்கினார். 418இல் பேரரசர் ஹொனோரியுஸ் ராவென்னாவிலிருந்து ஆணை பிறப்பித்து இருவரையும் உரோமையிலிருந்து வெளியேற்ற, கார்த்தேஜ் மன்றமும் கண்டனம் எழுப்ப, திருத்தந்தையும் நிலை மாறினார். இத்தீர்ப்பில் இறையியலின் பங்கு எவ்வளவு, அரசவையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று.

அருளின்றி நன்மை இயலாது என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. எனினும் முதல் அடியை எடுத்துவைப்பது யார் என்பது எஞ்சி நின்றது. அனைத்தும் அருளின் செயலே எனில், தவறு செய்த துறவியை மூத்தவர் கண்டிப்பதற்குப் பொருள் என்ன என்று ஹத்ருமேத்தும் மடத்தில் கலக்கம் எழ, 426–427இல் அகுஸ்தீன் அவர்களுக்கு விளக்க நூல்கள் எழுதினார். தெற்குக் காலியாவின் துறவியர் அவற்றால் நிறைவடையவில்லை. மார்செய் நகர் யோவான் காசியான், பவுலையும் மத்தேயுவையும் போலச் சிலரைக் கடவுளே முந்திச் சென்று பற்றுகிறார், சக்கேயுவையும் சிலுவையில் தொங்கிய கள்வனையும் போலச் சிலர் தாமே முந்தி வருகின்றனர் என்று கூறி, இதற்கு ஒரே விதி காண மறுத்தார். இவரைப் போன்றோருக்கு 'அரைப் பெலாஜியர்' என்ற பெயர் பதினாறாம் நூற்றாண்டில்தான் சூட்டப்பட்டது. அருளின் தேவையை ஒருபோதும் மறுக்காத துறவிகளுக்கு அது நேர்மையான பெயரன்று.

529ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒராஞ்ச் நகரில், லிபேரியுஸ் என்ற அரச அதிகாரி கட்டிய ஆலயத்தின் அருச்சிப்புக்காகக் கூடிய ஆயர்கள், ஆர்ல் நகர ஆயர் சிசாரியுஸின் தலைமையில் 25 விதிகளை ஏற்றனர். நம்பிக்கையின் தொடக்கமும், நம்ப வேண்டும் என்ற விருப்பமும்கூட அருளிலிருந்தே வருவன என்று அவை அகுஸ்தீனின் பக்கம் தீர்ப்பளித்தன. ஆயினும், கடவுள் யாரையேனும் தீமைக்கு முன்குறித்தார் என்பாரை மன்றம் கடுமையாகச் சபித்தது. திருமுழுக்குப் பெற்றோர் அனைவரும் கிறிஸ்துவின் துணையோடு உழைத்தால் மீட்புக்குரியதை நிறைவேற்ற இயலும் என்றும் சேர்த்தது. முன்குறித்தல் என்பது, யார் மீட்படைவர் என்பதைக் கடவுள் காலத்துக்கு முன்பே முடிவு செய்தல். அருளை மனிதன் எதிர்க்க முடியுமா என்பதைப் பற்றியும், சிலருக்கு மட்டும் இறுதிவரை நிலைத்திருக்கும் கொடை தரப்படுவது ஏன் என்பதைப் பற்றியும் ஒராஞ்ச் எதுவும் கூறவில்லை. இம்மௌனம் கவனக்குறைவால் நேர்ந்தது எனக் கருத இடமில்லை. அகுஸ்தீனின் கடைசி நூல்களில் அவ்வினாக்களே மையமாக உள்ளன, சிசாரியுஸ் அகுஸ்தீனை நன்கு கற்றவர். 531இல் திருத்தந்தை இரண்டாம் போனிபாஸ் இத்தீர்ப்பை உறுதிப்படுத்தினார். வியப்பு யாதெனில், இடைக்காலத்தின் பிற்பகுதியில் இவ்விதிகள் பெரும்பாலும் வழக்கிலிருந்து மறைந்து, பதினாறாம் நூற்றாண்டில்தான் மீண்டும் பரவலாக அறியப்பட்டன.

ஒராஞ்ச் விட்ட இடைவெளியில் ஒன்பதாம் நூற்றாண்டுத் துறவி கோட்ஷால்க் நுழைந்தார். தெரிந்துகொள்ளப்பட்டோர் வாழ்வுக்கும் கைவிடப்பட்டோர் தண்டனைக்கும் என முன்குறித்தல் இருவகைப்படும் என்று கற்பித்த அவர், 848இல் மைன்ஸ் நகரிலும் 849இல் கியர்சியிலும் கண்டிக்கப்பட்டு, கசையடி பெற்று, வாழ்நாள் முழுதும் மடத்துச் சிறையில் வைக்கப்பட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் அமைதியான வழியொன்றைக் காட்டினார்: முதற்காரணராகிய கடவுள் ஒவ்வொரு பொருளையும் அதனதன் இயல்புக்கேற்ப இயக்குவதால், விருப்பத்தை அதன் சுதந்திரத்தோடேயே இயக்குகிறார், ஆதலால் ஒரே செயல் முழுமையாகக் கடவுளுடையதும் முழுமையாக மனிதனுடையதும் ஆகும்.

சீர்திருத்தக் காலத்தில் வினா மீண்டும் தெருவுக்கு வந்தது. 1524இல் எராஸ்முஸ் சுயசித்தத்துக்குச் சிறு இடமேனும் வேண்டும் என்று எழுத, அடுத்த ஆண்டே லூத்தர் சித்தம் அடிமைப்பட்டது என்று மறுத்தெழுதினார். கால்வின் தம் கிறிஸ்தவ மறைக் கோவையின் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில் முன்குறித்தலை மீட்பு பற்றிய பகுதியில், விசுவாசிக்கு உறுதி தரும் போதனையாகவே வைத்தார். அதைத் தலைமைக் கொள்கையாக்கியவர்கள் பின்வந்தோர் என்றே கொள்ளத் தகும். லைடன் பல்கலைக்கழகத்தில் கோமாருஸும் அர்மீனியுஸும் மோதியதன் தொடர்ச்சியாக, 1610இல் அர்மீனியுஸின் மாணவர்கள் ஐந்து கூற்றுகள் கொண்ட முறையீட்டை அளித்தனர். நம்புவோரையே கடவுள் தெரிந்துகொள்கிறார், அருள் எதிர்க்கப்படக்கூடியது என்பன அவற்றுள் முக்கியமானவை. 1618 நவம்பரில் தோர்த் நகரில் கூடிய மன்றம் அவர்களை வெளியேற்றி, 1619இல் அக்கூற்றுகளைத் தள்ளித் தீர்ப்பளித்தது. அவர்களுக்கு ஆதரவளித்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் அதே ஆண்டு மே மாதம் தலை வெட்டப்பட்டார். இத்தனை கண்டிப்பான மன்றமும்கூடத் தெரிந்துகொள்ளும் ஆணை மனித வீழ்ச்சிக்கு முந்தியதா பிந்தியதா என்பதில், முந்தியது என்ற கோமாருஸின் கட்சியைக் கண்டிக்காமல் விட்டது. கிறிஸ்துவின் மரணம் எவ்வகையில் அனைவருக்குமானது என்பதில் இங்கிலாந்துப் பிரதிநிதிகளுக்கு இடம்கொடுத்துச் சொற்களை அமைத்தது. 1634இல் பிரான்சின் சொமூர் நகரில் அமிரோ தொடங்கிய புதிய பூசல் இவ்விடைவெளியிலேயே முளைத்தது.

கத்தோலிக்கத் தரப்பில் திரெந்துப் பொதுச்சங்கம் 1547 ஜனவரியில், கடவுளால் இயக்கப்பட்ட சுயசித்தம் அவ்வியக்கத்துக்கு உடன்படுவதோடு, விரும்பினால் மறுக்கவும் வல்லது என்று வரையறுத்தது. மறுக்க வல்ல சித்தத்தில் அருள் தவறாது பயன் தருவது எங்ஙனம் என்பதைச் சங்கம் சொல்லவில்லை. 1588இல் லிஸ்பனில் இயேசு சபையின் லூயிஸ் தெ மோலினா வெளியிட்ட நூல் இதற்கு விடை தர முற்பட்டது. நிகழக்கூடியவை அனைத்தையும் அறியும் அறிவுக்கும், நிகழவிருப்பவற்றை அறியும் அறிவுக்கும் நடுவில், எந்த மனிதன் எந்தச் சூழலில் தன் விருப்பால் என்ன செய்வான் என்பதை அறியும் 'இடைநிலை அறிவு' கடவுளுக்கு உண்டு என்றும், அவ்வறிவின் துணையால் அவர் யாரையும் வற்புறுத்தாமலே உலகை ஆள்கிறார் என்றும் மோலினா வாதிட்டார். விவிலியத்தில், தன்னைத் தேடிச் சவுல் கேகிலா ஊருக்கு வருவானா, ஊரார் தன்னைப் பிடித்துக் கொடுப்பார்களா என்று தாவீது கேட்டபோது ஆண்டவர் ஆம் என்றார். தாவீது வெளியேறிவிட்டதால் இரண்டும் நிகழவில்லை. நிகழாததைப் பற்றிய இந்த உறுதியான அறிவே மோலினாவின் தரப்புக்கு முதன்மைச் சான்று.

தொமினிக்கன் சபையின் தொமிங்கோ பாஞேஸ் இதனை ஏற்கவில்லை. படைப்பு என்ன செய்யும் என்பதைக் கண்டு கடவுள் திட்டமிடுகிறார் எனில், அவரது அறிவு படைப்பைச் சார்ந்ததாகிவிடும். மனித விருப்பம் ஒவ்வொன்றுக்கும் முன்னே கடவுளின் இயக்கம் சென்று அதைத் தீர்மானிக்கிறது என்றே கொள்ள வேண்டும் என்றார். இயேசு சபையினர் பாஞேஸின் தரப்பைக் கால்வினியம் என்றும், தொமினிக்கர் மோலினாவின் தரப்பைப் பெலாஜியம் என்றும் சாடினர். இறையாண்மையின் தூய்மையைக் காப்பதில் பாஞேஸ் உறுதியானவர். ஆனால் தீய செயலுக்கும் அம்முன்னியக்கம் காரணமாகாதோ என்ற வினாவுக்கு அவர் தரப்பு தந்த விடை வலுவற்றது. மோலினாவின் தரப்போ அவ்வினாவிலிருந்து தப்பினாலும், இன்னும் படைக்கப்படாத சித்தத்தின் தெரிவு எதனால் உண்மையாகிறது என்பதை விளக்க முடியாமல் நின்றது.

திருத்தந்தை எட்டாம் கிளெமெந்து 1598இல் இதற்கென உரோமையில் குழு ஒன்றை அமைத்தார். அருளின் உதவிகள் பற்றிய குழு என வழங்கிய அதன் விவாதங்களில் 85 அமர்வுகள் திருத்தந்தையர் முன்னிலையிலேயே நடந்தன. கிளெமெந்து 1605இல் மறைந்தார். சிறிது காலத்துக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஐந்தாம் பவுல், 1607ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று, அதாவது அகுஸ்தீனின் திருநாளன்று, கர்தினால்களின் கருத்தைக் கேட்டறிந்து, எத்தரப்பையும் கண்டிக்காமல் விவாதத்தை முடித்தார். இரு சபையினரும் தத்தம் போதனையைத் தொடரலாம், ஒருவர் மற்றவரைக் கண்டனத்துக்குரியவர் என்று பழிக்கக் கூடாது, தீர்ப்பு தக்க காலத்தில் அறிவிக்கப்படும் என்பது அவரது ஆணை. 1611இல் அருள் பற்றிய நூல்களை அனுமதியின்றி அச்சிடுவதும் தடுக்கப்பட்டது. தோர்த் மன்றத்தின் தீர்ப்பு ஒரு கட்சியை வெளியேற்றி மற்றொரு பிளவுக்கு வழிவிட்டதோடு ஒப்பிடுகையில், உரோமையின் தயக்கம் வினாவின் தன்மையைச் சரியாகவே உணர்ந்திருந்தது எனலாம். ஐந்தாம் பவுல் அறிவிப்பதாகச் சொன்ன அத்தீர்ப்பு இன்றுவரை வெளிவரவில்லை.