உலக்கை, சோழி, சூரிய கிரகணம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, பொட்டி தட்டுற வேலையில தள்ளிப்போட்டுட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். காபி கையில இருந்தா நல்லது :-)

2010 ஜனவரி 15. மாட்டுப் பொங்கல். புளியங்குடியில எங்க ஆச்சி வீட்டுல கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்தியாச்சு. அன்னைக்கு வளைய சூரிய கிரகணம். இந்த ஆயிரமாண்டிலேயே நீளமான வளைய கிரகணம் அதுதான், இந்தியப் பெருங்கடல்ல உச்சமா 11 நிமிஷம் 8 செகண்ட். கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி, ராமேஸ்வரம்னு நம்ம தென்கோடி முழுக்க அந்தப் பாதைக்குள்ள. எனக்குப் பன்னிரண்டு பதிமூணு வயசு. வெளிய போனா காலை ஒடிச்சிருவேன்னு ஆச்சி சொல்லிட்டா.

ஆச்சி ஒரு பித்தளைத் தாம்பாளத்துல தண்ணி ஊத்தி, அதுல உலக்கையைச் செங்குத்தா நிறுத்தினா. கிரகணம் பிடிச்சிருக்கும்போது உலக்கை நிக்கும், விட்டதும் விழுந்துரும்னு நம்பிக்கை. உலக்கை நின்னுச்சு. அப்புறம் என்னைப் பார்த்து, "வெளிய போவாத, இங்கன தரையில பாரு"ன்னா.

பழைய ஓட்டு வீடு. ஓட்டுல அங்கங்க சின்னச் சின்ன இடுக்கு. அது வழியா எப்பவும் தரையில வட்ட வட்டமா வெளிச்சம் விழும். அன்னைக்கு மதியம் ஒன்னே கால் வாக்கில அந்த வட்டங்களோட நடுவுல இருட்டு விழுந்து, சுத்தி மட்டும் வெளிச்சம். ஒரு பக்கம் தடிச்சு, ஒரு பக்கம் மெலிஞ்சு, சாணி மெழுகின தரை பூரா வளையல் கடை விரிச்ச மாதிரி.

பூட்டின வீட்டுக்குள்ள உக்காந்து கிரகணத்தை முழுசா பார்த்தவன் நான்.

இது ஊசித்துளைக் கேமராங்கிறது பின்னாடி பாடத்துல வந்துச்சு. சூரியனோட தூரம் அதோட விட்டத்தைப் போல சுமாரா 108 மடங்கு. அதனால துளைக்கும் தரைக்கும் எவ்வளவு தூரமோ அதுல ஏறக்குறைய 108-ல ஒரு பங்கு அகலத்துக்குச் சூரியனோட பிம்பம் விழும். பத்தடின்னா ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல. அந்த வட்டங்கள் ஓட்டையோட வடிவம் இல்ல, சூரியனோட படம். ஆச்சிக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனா அந்த வட்டம் எந்தச் சுவத்துக்கு வந்தா உலை வைக்கணும்னு தெரியும். கிரகணத்தன்னைக்கு அது உருமாறும்னும் தெரியும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

லெ ஜான்தி (கியோம் லெ ஜான்தி) ஒரு பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக்கோள் போறதைப் பார்க்க 1760-ல பிரான்சுல இருந்து பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார். வந்து சேர்றதுக்குள்ள ஊரை ஆங்கிலேயர் பிடிச்சிட்டாங்க. 1761 ஜூன் 6-ம் தேதி வெள்ளி குறுக்கே போனப்ப மனுசன் ஆடுற கப்பல்ல நடுக்கடல்ல நின்னார், ஒன்னும் அளக்க முடியல. அடுத்தது எட்டு வருசம் கழிச்சு. திரும்பிப் போகாம இந்தப் பக்கமே சுத்திட்டு, 1768-ல பாண்டிச்சேரி வந்து, இடிஞ்ச கோட்டை மேல ஒரு வான்நோக்குக் கூடம் கட்டி உக்காந்தார். 1769 ஜூன் 4 காலையில சரியா மேகம் வந்து மூடிருச்சு. ஊருக்குத் திரும்பினா, செத்துப்போயிட்டார்னு முடிவு பண்ணி சொத்தைப் பங்கு போட ஆரம்பிச்சிருந்தாங்களாம். பாவம் மனுசன்.

இந்தச் சோகக் கதையை நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் சொல்ல வர்றது அவர் காத்திருந்த காலத்துல நடந்தது. பாண்டிச்சேரியில கிரகணம் கணிக்கிற தமிழர் ஒருத்தர்கிட்ட அவர் பாடம் கேட்டார். பேனா, பேப்பர் இல்ல. சோழியைத் தரையில பரப்பி நகர்த்தி, வாய்ப்பாட்டை மனசுல இருந்தே சொல்லிக் கணக்குப் போடுற முறை. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிச்சதுங்கிறதுல தமிழ்க் கணக்கு 41 செகண்ட் குறைவு. ஐரோப்பாவுல அப்ப பேர் போன டோபியாஸ் மேயர் அட்டவணைக் கணக்கு 68 செகண்ட் அதிகம். சோழி ஜெயிச்சிருச்சு. லெ ஜான்தி இதை மறைக்காம ஊருக்குப் போய் எழுதினார்.

அந்த வாய்ப்பாட்டுக்கு வாக்கியம்னு பேர், வாக்கியப் பஞ்சாங்கம்னு இன்னைக்கும் சொல்றது அதைத்தான். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்னு. எழுத்துக்கு ஒரு எண்ணுன்னு வச்சு, எண்களைச் சொல்லாக்கி மனப்பாடம் பண்ணிருவாங்க. நம்ம பாஷையில சொன்னா டேட்டாபேஸை அப்படியே மூளையில ஏத்தி, சோழியை ப்ராசஸரா வச்சு ஓட்டியிருக்காங்க :-)

உடனே 'அன்னைக்கே எல்லாம் நம்மகிட்ட இருந்துச்சு'ன்னு கிளம்பிராதீங்க. 1825-ல ஜான் வாரன் மெட்ராஸ்ல 'கால சங்கலித'ன்னு ஒரு புத்தகம் போட்டார். அவரும் பாண்டிச்சேரிப் பக்கத்துக் கணிதர் ஒருத்தர் சோழி வச்சு அந்த வருச சந்திர கிரகணத்தைக் கணிக்கிறதைக் கூட இருந்து பார்த்தார். ஆரம்பம் 4 நிமிஷம்தான் வித்தியாசம். ஆனா முடிவு 52 நிமிஷம் தப்பு. வாய்ப்பாட்டை வானத்தோட ஒப்பிட்டு அப்பப்ப திருத்தலேன்னா இதான் கதி. மனப்பாடம் மட்டும் போதாது, நிமிர்ந்தும் பார்க்கணும்.

இதை நம்ம ஆளு ஒருத்தரே சொன்னார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பம். நுங்கம்பாக்கத்துல இருந்த மெட்ராஸ் வான்நோக்குக் கூடத்துல சின்ன வயசுல வேலைக்குச் சேர்ந்து முதல் உதவியாளர் வரைக்கும் வந்தவர். 1792-ல கட்டின அந்தக் கூடத்தோட கருங்கல் தூண்ல தமிழ்லயும் எழுதி வச்சிருக்காங்க. ஏதோ பிரிட்டிஷ்காரங்க வந்துதான் ஆசியாவுல கணிதத்தை நட்டு வச்ச மாதிரி ஒரு பெருமை அதுல. லெ ஜான்தி சோழிக்கு முன்னாடி உக்காந்து இருபத்தஞ்சு வருசம் கூட ஆகல அப்ப!

ரகுநாதாச்சாரி 1867-ல ஆர் ரெட்டிகுலிங்கிற மாறொளி விண்மீனைக் கண்டுபிடிச்சார். 1872-ல லண்டன் ராயல் வானியல் கழகத்துல உறுப்பினர் ஆனார், இந்தியர்கள்ல முதல் ஆள். 1874 டிசம்பர் 9, மறுபடியும் வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே. அதுக்கு முன்னாடி ஜனங்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஆங்கிலத்தோட நிறுத்தாம இந்திய மொழிகள்லயும் கொண்டுவர மெனக்கெட்டார். அதோட வடிவம்தான் எனக்குப் பிடிச்சது. உரையாடல்! பழைய முறை படிச்ச பண்டிதர் கேக்கார், சித்தாந்தி பதில் சொல்றார். உன் நம்பிக்கை முட்டாள்தனம்னு ஆரம்பிக்கல. பண்டிதரைக் கேள்வி கேக்க விட்டார். கூடவே, பஞ்சாங்கத்தைப் பார்த்த வானத்தை வச்சுத் திருத்தணும்னு தன்னோட கூட்டத்துக்கே விடாம சொல்லிட்டும் இருந்தார்.

அப்புறம் நம்ம காலம். 1980-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987-ல வந்த 'துளிர்' பத்திரிகை. ஹாலி வால்நட்சத்திரம் (1986), 2004, 2012 வெள்ளி இடைமறிப்பு, 2010, 2019 கிரகணங்கள்னு வானத்துல ஒன்னு நடந்தா, பள்ளிக்கூட மைதானம், தெருமுனை, கடற்கரைன்னு ஜனங்களைக் கூட்டிப் பார்க்க வைக்கிறது இந்த மாதிரி ஆட்களாலதான் பழக்கமாச்சு. மணல் நிரப்பின பந்து மேல சின்னக் கண்ணாடியை ஒட்டி, இருட்டு அறைக்குள்ள சூரியனோட பிம்பத்தைச் சுவத்துல விழ வைக்கிற முறை எல்லாம் பத்து ரூபாய்ச் சமாச்சாரம். டெலஸ்கோப் வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம்.

இப்ப என் தப்பைச் சொல்லணும். 2019 டிசம்பர் 26, கோவை, திண்டுக்கல் வழியா மறுபடியும் வளைய கிரகணம். நான் அப்பதான் இன்ஜினியரிங் முடிச்ச மிதப்புல இருந்தேன். முந்தின நாள் ஆச்சிக்குப் போன் போட்டு, "உலக்கை எந்த நாளும் நிக்கும் ஆச்சி, அதெல்லாம் மூடநம்பிக்கை, கதவைத் திறந்து போடு"ன்னு கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். பொறுமையா கேட்டுட்டு, "அன்னைக்குத் தரையில பார்த்தியே, அது யாருல உனக்குக் காட்டினது?"ன்னு கேட்டுட்டு போனை வச்சிட்டா.

நான் சொன்னது சரிதான். உலக்கையோட அடி தட்டையா இருந்தா என்னைக்கும் நிக்கும். சொன்ன விதம்தான் தப்பு. லெ ஜான்திக்கு இருந்த அடக்கம், ரகுநாதாச்சாரிக்கு இருந்த பொறுமை, ரெண்டுல ஒன்னு கூட எனக்கு இல்ல. வெறுங்கண்ணால சூரியனைப் பார்க்காதேங்கிற ஆச்சியோட பயம் நியாயமான பயம். கண்ணு போயிரும், வலி கூடத் தெரியாது. பார்க்காமலே பார்க்க அவகிட்ட வழியும் இருந்துச்சு. அதுல இருந்து ஆரம்பிச்சிருந்தா உலக்கை வரைக்கும் ரெண்டு பேருமே சேர்ந்து வந்திருக்கலாம்.

அப்புறம் ஒரு சித்திரையில ஊருக்குப் போனப்ப அதைத்தான் செஞ்சேன். புளியங்குடி ஏறத்தாழ 9.2 பாகை வட அட்சரேகையில இருக்கு. அதனால ஏப்ரல் 13 வாக்கிலயும் ஆகஸ்ட் 29 வாக்கிலயும் உச்சி வேளையில சூரியன் நேர் தலைக்கு மேல வரும். மணி பன்னிரண்டு இல்ல, பன்னிரண்டு இருபது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வச்சது, நம்ம ஊர் 77.4-ல இருக்கு, பாகைக்கு நாலு நிமிஷம். முத்தத்துல ஆச்சியோட அதே உலக்கையை நிறுத்தினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், எலுமிச்சைத் தோட்டத்துல இருந்து சோத்துக்கு வந்த சித்தப்பான்னு ஒரு பத்து பேர். நிழல் சுருங்கிச் சுருங்கி உலக்கையோட அடிக்குள்ள போயி காணாமப் போச்சு.

கிரகணம் எதுவும் இல்லாத அன்னைக்கு உலக்கை நின்னதை ஆச்சி கவனிச்சா. நான் வாயைத் திறக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே, "அப்ப என்னைக்கும் நிக்கும் போலயே"ன்னு சொல்லிட்டு, பிள்ளைகள்கிட்ட, "நாளைக்கும் வந்து பாருங்க, நிழலு எந்தப் பக்கம் சாயுதுன்னு"ன்னா. அது எனக்குத் தோணாத சோதனை. மறுநாள் உச்சியில நிழல் தெற்கே சாய ஆரம்பிச்சிருந்தது, இம்மி அளவுதான்.

2031 மே 21. கேரளா, மதுரை வழியா அடுத்த வளைய கிரகணம் வருது. அதுக்குள்ள நிறைய ஓட்டு வீடு கான்கிரீட் ஆகிரும். ஆச்சிக்கு இப்பவே எண்பது தாண்டிருச்சு. உங்க வீட்டுலயும் தரையில விழுற வெளிச்சத்தை வச்சு நேரம் சொல்ற ஒருத்தர் இருக்கலாம். கண்ணாடி வாங்கிக் குடுக்கிறதுக்கு முன்னாடி, அவங்ககிட்ட ஒரு தடவை கேட்டு வச்சுக்கோங்க.

டிஸ்கி: கிரகணத்தை எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் வழியா பார்க்காதீங்க. கண்ணுக்கு உத்தரவாதம் இல்ல. ஓட்டு வீடு இல்லாதவங்க சல்லடை அல்லது வேப்பமர நிழல் முயற்சிக்கலாம் :-)