எங்கம்மா சந்தை

மணிப்பூரின் தலைநகர் இம்பாலில், குவைராம்பந்த் என்னும் பகுதியில் ஒரு பெரிய சந்தை. கடை போட்டிருப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். மணமானவர்களே அங்கே கடை வைக்கலாம் என்பது மரபு. தாயின் இடம் மகளுக்கோ மருமகளுக்கோ போகும். ஊர் வழங்கும் பெயர் ‘இமா கெய்தேல்’. தமிழில் எழுதுவோர் இதைத் ‘தாய்ச் சந்தை’ என்று பெயர்த்துவிடுகிறோம். பாதிப் பொருள்தான் வந்து சேர்கிறது.

மைத்தேயி மொழியில் ‘கெய்தேல்’ என்றால் சந்தை. ‘இமா’ என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாயைக் குறிக்கும் பகுதி ‘மா’ மட்டுமே. முன்னால் நிற்கும் ‘இ’ என்னுடையவள் என்று சொல்கிறது. உன் தாய் என்றால் ‘நமா’. அவன் தாய், அவள் தாய் என்றால் ‘மமா’. தந்தையைக் குறிக்கும் ‘இபா’வும் இதே அச்சில் வார்த்ததுதான். யாருக்கு உறவு என்று சொல்லாமல் அம்மொழியில் உறவைச் சொல்வது அரிது.

இந்த அமைப்பு நமக்குப் புதிதல்ல. சங்கத் தமிழில் யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், தாய் என்றால் பிறர் தாய். எந்தை, நுந்தை, தந்தை என்பனவும் அப்படியே. தமிழ் திராவிட மொழி, மைத்தேயி திபெத்திய-பர்மியக் குடும்பம். இரண்டுக்கும் இரத்த உறவில்லை. ஆனாலும் உறவைச் சொல்லும்போது உரியவரையும் சேர்த்தே சொல்லும் மனம் இரண்டிலும் ஒன்று. நாம் யாயையும் ஞாயையும் இழந்துவிட்டு, பிறர் தாய்க்குரிய சொல்லை எல்லாத் தாய்க்கும் பொதுவாக்கிக்கொண்டோம். ‘தாய்ச் சந்தை’யில் பொருள் நழுவும் இடம் இதுதான்.

நம் தெருவில் வருபவரைக் கீரைக்காரம்மா, பூக்காரம்மா என்கிறோம். சரக்கு முன்னால், அம்மா பின்னால். அங்கே விற்பவர் எதை விற்றாலும் ‘இமா’தான். ஒருவர் முன்னே உமொரொக் மிளகாயும் கறுப்பரிசியும், இன்னொருவர் முன்னே கைத்தறி ஃபனெக் உடைகள், அடுத்தவரிடம் ‘ஙாரி’. ஙகரத்தில் தொடங்கும் சொல்லைத் தேடி அலையும் நமக்கு அந்தச் சந்தையில் கைநிறையக் கிடைக்கும். ‘ஙா’ என்றால் மீன். பர்மிய மொழியிலும் அதுவே. வெயிலில் காய்ந்த சிறு மீன்களைப் பானைக்குள் அழுத்தி, வாய்மூடிப் புளிக்க வைத்தது ஙாரி. மலைக்காட்டுக் கீரையும் சமவெளி ஏரி மீனும் ஒரே கூரையின் கீழ் கைமாற, பல இனத்தவரும் பொதுவில் பேசும் மொழி மைத்தேயி. எனவே எவர் வாயிலும் விளி ‘இமா’.

இச்சந்தைக்கு ‘நுபி கெய்தேல்’ என்றும் பெயருண்டு. நுபி பெண், நுபா ஆண். அதே நுபிதான் ‘நுபி லான்’, பெண்கள் போர், என்னும் தொடரிலும் நிற்கிறது. 1904இல் ஆண்களைக் கட்டாய வேலைக்கு இழுத்த ஆங்கிலேய அதிகாரியின் ஆணையைப் பெண்கள் எதிர்த்தார்கள். 1939இல் அரிசி வெளியூருக்கு ஏற்றுமதியாக, உள்ளூரில் அரிசிக்கே தட்டுப்பாடு வந்தது. டிசம்பர் 12ஆம் நாள் பெண்கள் திரண்டு அதிகாரிகளை முற்றுகையிட்டார்கள். பின்பு சந்தையையே புறக்கணித்தார்கள். வீட்டு அடுப்பையும் ஊர்ச் சந்தையையும் ஒருசேர நடத்துபவர்களுக்கு அரிசி குறைவது முதலில் தெரியும்.

சந்தையின் புதுக் கட்டடங்களுக்கு இட்ட பெயர்களிலும் தாய்மையே: மூத்த அன்னை லைமரேல் சிதாபி, அடுப்படித் தெய்வம் இமொய்னு, நெல்லின் தெய்வம் ஃபௌஒய்பி. ‘ஃபௌ’ என்றாலே நெல்தான்.

யாய் வழக்கொழிந்தாலும் அந்த மனம் நம் பேச்சில் ஒழியவில்லை. எங்கம்மா, உங்கம்மா, அவங்கம்மா என்று இன்றும் மூன்றாகப் பிரித்துத்தான் பேசுகிறோம். தனக்கு மட்டுமே உரியவளைக்கூட ‘எங்கம்மா’ என்று பன்மையில் சொல்கிறோம். ‘இமா கெய்தேல்’ என்பதற்குத் தமிழ் கேட்டால் நான் சொல்வது அதைத்தான்: எங்கம்மா சந்தை.